ராயபுரத்துக் கூகை

ஆந்தை பார்க்க வால்பாறைக்குப் போ என்பார்கள். பழுப்புக் காட்டாந்தையைத் தேடுகிறவர்களுக்கு அது சரி. அடர்ந்த காட்டை விட்டு அது வெளியே வருவது அரிது. கூகைக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. மரப்பொந்து இல்லாவிட்டால் பாழ்மண்டபம், மணிக்கூண்டு, சரக்குக் கிடங்கு எதுவானாலும் சம்மதம். எலி இருந்தால் போதும். வடசென்னையில் எலிக்கா பஞ்சம்!

கடற்கரை நிலையத்தில் ஏறி ராயபுரத்தில் இறங்கினேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் இது. நின்று பார்க்கத்தான் ஆசை. ஆனால் பொழுது சாய்வதற்குள் கூகை தங்கும் சரக்குக் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

கிடங்கின் காவலாளி பெரியவர். சாக்குருவி என்றுதான் அதைச் சொன்னார். ஆனால் அது உட்காரும் உத்தரத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டிருந்தார். சுவரெல்லாம் வெள்ளை எச்சம். தரையில் கட்டைவிரல் பருமனில் கரிய உருண்டைகள். ஒன்றைக் குச்சியால் பிரித்தேன். சாம்பல் நிற மயிருக்குள் சுண்டெலியின் மண்டையோடு, மஞ்சள் படிந்த முன்பற்களோடு முழுசாக இருந்தது. கூகை எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய் வழியே கக்கிவிடும்.

வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஓயாத இரைச்சல். காதை நம்பி வேட்டையாடும் பறவைக்கு இதைவிடக் கெட்ட இடம் இருக்குமா? கூகையின் இடது காதுத் துளை வலதைவிடச் சற்று மேலே இருக்கிறது. ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசத்தால் இடமா வலமா என்றும், வலிமை வித்தியாசத்தால் மேலா கீழா என்றும் கண்டுகொள்கிறது. இதய வடிவ முகம் ஒலியைத் திரட்டிக் கொடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெயின் முழு இருட்டில், சருகுகளின் மேல் எலி அளவுக் காகித உருண்டையை இழுத்துக் காட்டினார். கூகை காகிதத்தின் மேல் பாய்ந்தது. லாரியின் உறுமல் தாழ்ந்த ஒலி, எலியின் சரசரப்பு உச்ச ஒலி. அதனால் ஓரளவு தப்பிக்கிறது போலும். பாதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏழு மணிக்கு மேல் கூரை இடுக்கிலிருந்து வெளியே வந்தது. இரண்டு காக்கைகள் அந்நேரத்திலும் கரைந்துகொண்டு துரத்தின. என் தலைக்கு மேலேதான் பறந்தது, சிறகடிக்கும் சத்தமே இல்லை. வெளிச்சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு காற்றின் சலசலப்பைக் குறைத்துவிடுகிறது.

உள்ளே மூட்டைகளுக்கு இடையே எலி மருந்துத் துண்டுகள் கிடந்தன. இரத்தம் உறையாமல் செய்யும் வகை. தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும், கூகைக்கு எளிதாக அகப்படும், விஷமும் அதற்குள் போய்ச் சேரும். தான் சொன்னால் எடுபடாது என்று பெரியவர் முதலாளியின் எண்ணைக் கொடுத்தார். மண்ணடியில் எலிப்பொறி விலையை விசாரித்துக்கொண்டு பேசலாம் என்றிருக்கிறேன்.