24 யூனிட்டில் ஏலகிரிக்கு

பூந்தமல்லியிலிருந்து ஏலகிரிக்கு எலெக்ட்ரிக் காரில் போகப் போகிறோம் என்று சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "நடுவழியில நின்னுட்டா யாருப்பா தள்ளுறது?" என்பதுதான். 2022-இல் 8.49 லட்ச ரூபாய் தொடக்க விலையுடன் டாடாவின் டியாகோ மின்சார கார் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். முழு சார்ஜில் ஓடும் என்று விளம்பரத்தில் கண்ட 315 கிலோமீட்டரை அப்படியே நம்பி வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் ஒரு பக்கம். விலை குறைந்த கார் மார்க்கெட்டுக்குப் போய்வரத்தான் ஆகும் என்று ஒதுக்குகிறவர்கள் மறுபக்கம்.

என்னிடம் இருப்பது அந்த டியாகோவில் பெரிய பேட்டரி கொண்டது. வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 24 யூனிட் பிடிக்கும். அந்த 315, ஆய்வகத்தில் பெரும்பாலும் நகர வேகத்தில் ஓட்டிப் பார்த்து எடுத்த கணக்கு. நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு 80-இல் ஓட்டினால் எனக்கு 200 கிலோமீட்டர் கிடைக்கிறது. 100-ஐத் தொட்டால் 170-ஐக்கூட எதிர்பார்க்க முடியாது.

காலை 8 மணிக்கு முழு சார்ஜுடன் நானும் மனைவியும் அம்மாவும் கிளம்பினோம். வேலூரில் ஓர் உணவகத்தின் வாசலில் உள்ள சார்ஜரில் போட்டுக்கொண்டு மேலே போவதாகத் திட்டம். அங்கே சேர்ந்தபோது 36 சதவீதம் மீதி இருந்தது. ஆனால் சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. செயலியில் அது நன்றாக இயங்குவதாகவே காட்டியது. "ரெண்டு நாளா இப்படித்தான் சார் கிடக்குது" என்றார் காவலாளி. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை வண்டி சொல்லிவிடுகிறது. அடுத்த சார்ஜர் உயிரோடு இருக்கிறதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சார்ஜர் இருந்த ஆம்பூருக்கு இன்னும் 50 கிலோமீட்டர். ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, 60-ஐத் தாண்டாமல் இடது ஓரமாகவே போனோம். லாரிகளெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தன. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆம்பூரில் பிளக்கைச் செருகியபோது 14 சதவீதம் இருந்தது. 80 சதவீதத்தை எட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. சீரகச் சம்பா பிரியாணியையும் கத்தரிக்காயையும் நிதானமாகச் சாப்பிட அந்த நேரம் சரியாக இருந்தது.

மலையேற்றத்தில் சார்ஜ் கண்ணெதிரே கரைந்தது. அடிவாரத்தில் 62 சதவீதமாக இருந்தது, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே சேர்ந்தபோது 44 ஆகியிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை டன் எடையை மலைமேல் தூக்குவதென்றால் சும்மா இல்லை. தங்கிய விடுதியில் ஏ.சி.க்கான 15 ஆம்பியர் பிளக் ஒன்றை, யூனிட்டுக்குப் பணம் தருகிறேன் என்று பேசி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை 90 சதவீதத்திலேயே பிளக்கைப் பிடுங்கினேன். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டே வர வேண்டும். மோட்டார் வேகத்தைக் குறைக்கும் இந்தப் பிடிமானத்தை, வலுவான மூன்றாம் நிலையில் வைத்து இறங்கினேன். பெரும்பாலான வளைவுகளில் பிரேக்கில் கால் படவே இல்லை. அடிவாரத்தில் மீட்டர் 94 காட்டியது.

அங்கே டீக்கடையில் பச்சை எண் பலகையைப் பார்த்த ஒரு பெரியவர், "ஃபுல் சார்ஜ் போட்டா எவ்ளோ தம்பி போகும்?" என்று கேட்டார். 200 போகும், வேகமாக ஓட்டினால் குறையும், மேலிருந்து இறங்கியதில் நாலு சதவீதம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டவர், மூன்றாவதைக் கேட்டதும் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினேன். "மேல எவ்ளோ இருந்துச்சுன்னு நான் பாக்கலையே" என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான்.

திரும்பும்போது ஆம்பூரிலேயே ஒரு மணி நேரம் நின்று ஏற்றிக்கொண்டோம். மாமா வீட்டுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் வாங்கினோம். வேலூரில் அந்தத் திரை அப்போதும் இருண்டுதான் கிடந்தது.