தலைக்காயம்: கண், பேச்சு, அசைவு

பைக்கிலிருந்து விழுந்த தம்பியைச் சேர்த்த இரவு, டாக்டர் எங்களிடம் "ஏழு" என்றார். கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 15 என்றால் முழு நினைவு. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான தலைக்காயம். அந்த ஏழையே பிடித்துக்கொண்டு தவித்தோம். கண்ணுக்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என அந்த 15 பிரிவதை விளக்கியவர் ஒரு நர்ஸ் அக்கா. "தொண்டையில் குழாய் இருக்கிறது, பேச முடியாது. தூக்க மருந்தும் போகிறது. நீங்கள் அசைவு எவ்வளவு என்று கேளுங்கள்" என்றார். அதன்பிறகு தினமும் அதைத்தான் கேட்டேன்.

மூளை வீங்கினால் மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனால் ரத்தக்கட்டியை அகற்றியபோதே ஓட்டின் ஒரு பகுதியையும் எடுத்து, வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். தலைக்கட்டின்மேல் பேனாவால் "இங்கே எலும்பு இல்லை" என்று எழுதியிருந்தது. படுக்கையின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, கழுத்து திரும்பாமல் பார்த்துக்கொண்டார்கள். தலையிலிருந்து ரத்தம் தடையின்றி இறங்க வேண்டுமாம். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போடக் கூடாதா என்று சித்தப்பா விடாமல் கேட்டார். தலைக்காயம் பட்ட 10,000 பேருக்கு மேல் பங்கேற்ற 'கிராஷ்' என்ற ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடியது 2004-லேயே தெரிந்துவிட்டது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

ஒரு காலை, நர்ஸ் புருவ எலும்பில் அழுத்தியதும் தம்பியின் வலது கை மெல்ல எழுந்து அவர் விரலைத் தள்ளியது. அசைவு 4-லிருந்து 5. வலிக்கும் இடத்தை மூளை கண்டுகொள்கிறது என்று பொருள். அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

கண் திறந்த பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. இதைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். குழாயைப் பிடுங்கினான், அம்மாவை வாயில் வந்தபடி திட்டினான், காலையில் பேசியது மாலையில் நினைவில் இல்லை. அடிபட்ட மூளை தெளியும்போது பலருக்கு இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அம்மா அவ்வளவு அழுதிருக்க மாட்டார். வீட்டில் டிவியை அணைத்தோம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசினோம், தேதியைப் பலகையில் எழுதி வைத்தோம். மெல்லத் தணிந்தான்.

சில மாதங்கள் கழித்து எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். வலிப்பு மாத்திரை தொடர்கிறது. அடிபட்டதில் அவனுக்கு வாசனை தெரியாமல் போனதால் சமையலறையில் கேஸ் கசிவை அறிவிக்கும் கருவி மாட்டியிருக்கிறோம். கடைக்கு அரை நாள் போகிறான்; கணக்கை மட்டும் நான் இன்னொரு முறை பார்க்கிறேன்.