கட்டிங்குக்கு முன் ஐந்து வரி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு முடிவு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்தான். பாஸ் என்றால் புரொடக்சன் இன்சார்ஜ் கெட்டிக்காரர். ஃபெயில் என்றால் அவருக்குத் தொழிலே தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

2,000 பீஸ் கொண்ட ஒரு லாட். ஏக்யூஎல், அதாவது பையர் பொறுத்துக்கொள்ளும் பழுது அளவு, நூற்றுக்கு 2.5; சோதனை வழக்கமான இரண்டாம் நிலை. அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 7 பழுது வரை தேறும், 8 வந்தால் ரிஜெக்ட். அந்த லாட்டில் உண்மையில் நூற்றுக்கு ஐந்து பீஸ் பழுது என்று வைத்துக்கொள்வோம். 2.5-க்கு அது சரியாக இரண்டு மடங்கு. அப்படியும் அந்தச் சரக்கு தேறிவிட ஏறக்குறைய 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதே தரத்தில் பத்து லாட் கட்டினால் ஏழு தடவை பாராட்டு, மூன்று தடவை திட்டு. தைத்ததிலும் செக்கிங்கிலும் எந்த மாற்றமும் இல்லை. இன்ஸ்பெக்சனுக்கு வந்தவர் எந்தப் பெட்டியைத் திறந்தார் என்பது மட்டும்தான் மாறியது.

விளைவை வைத்தே முடிவை எடைபோடுகிறவர் எத்தனை வருஷம் ஃப்ளோரில் நின்றாலும் கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். தேறிய ஏழில் தன் தப்பு தெரியாது. ரிஜெக்ட் ஆன மூன்றில் தன்னுடையது அல்லாத தப்பையும் சுமப்பார், அல்லது டெய்லர் தலையில் இறக்கிவைப்பார். மேலாண்மை ஆய்வாளர் சார்லஸ் மான்ஸ் 1980களில் எழுதத் தொடங்கிய சுயதலைமை என்ற கருத்து, மேலே இருப்பவர் சொல்லாமலே ஒருவர் தன் நோக்கையும் நடத்தையையும் தானே திருத்திக்கொள்வதைப் பற்றியது. பயிற்சி வகுப்புகளில் அது கண்ணை மூடி மூச்சு விடுவதாகவும் சுவரில் ஒட்டும் வாசகமாகவும் சுருங்கிவிடுகிறது. தையல் ஃப்ளோரில் அதற்குத் தேவைப்படுவது ஒரு பாக்கெட் நோட்டு.

நோட்டில் எழுதவேண்டியது ஐந்து வரி. ரிசல்ட் தெரிவதற்கு முன்னால் எழுதவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பீட்டர் டிரக்கர் இதைப் பின்னூட்டப் பகுப்பாய்வு என்றார்: முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எழுதி வை, ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து ஒப்பிடு. பனியன் தொழிலில் ஒரு ஆர்டர் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துபோகும், அதனால் இங்கே தவணையைச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதல் வரி, என்ன முடிவு. "துணி ஓகே" என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது ஒன்றும் விளங்காது. "நேவி, 600 கிலோ, கேட்டது 160 ஜிஎஸ்எம், வந்தது 150, காம்பாக்டிங்குக்குத் திருப்பி அனுப்புகிறேன்" என்று எழுதவேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். காம்பாக்டிங் என்பது இழுபட்ட துணியை மிஷினில் விட்டுச் சுருக்கி அடர்த்தியாக்குவது. இரண்டாம் வரி, கையில் இருந்த மற்ற வழிகள், குறைந்தது இரண்டு. மூன்றாவது, எதை அளந்தோம், எதை நம்பினோம். நான்காவது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பது எண்ணில், கூடவே பத்துக்கு எத்தனை நம்பிக்கை. ஐந்தாவது, எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பது.

எல்லாம் அடங்கியிருப்பது மூன்றாவது வரியில்தான். அதே நேவி துணியை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்எம் கட்டர் வெட்டும் வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ரோலின் தொடக்கத்தில் ஒரு மீட்டர் விட்டு, ஓரங்களைத் தவிர்த்து, ஐந்து இடத்தில் வெட்டிச் சராசரி பார்த்ததில் 1.50 கிராம் வருகிறது. இது அளந்தது. "காம்பாக்டிங் போட்டால் சரியாயிருமுங்க" என்று சாயப்பட்டறையிலிருந்து போனில் சொன்னது நம்பியது. இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதுகிற பழக்கம்தான் பாதி நஷ்டத்துக்குக் காரணம்.

நம்பியதை அளந்ததாக மாற்ற இங்கே ஒரு வழி உண்டு. துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, ஆர்டரில் சொன்ன முறைப்படி துவைத்துக் காயவைத்து, மறுபடி நீள அகலத்தையும் ஜிஎஸ்எம்மையும் பாருங்கள். நீளத்தில் 5 சதவீதமும் அகலத்தில் 4 சதவீதமும் சுருங்கியிருந்தால் 150 ஏறக்குறைய 164 ஆகியிருக்கும். நிட்டிங்கில் துணி சரியாகத்தான் ஓடியிருக்கிறது, அதற்குப் பிறகு பிராசஸில் இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், காம்பாக்டிங் கைகொடுக்கும். துவைத்த பின்னும் 152, 153-லேயே நின்றால் நிட்டிங்கிலேயே லூப் நீளம், அதாவது ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் அளவு, தப்பு. எத்தனை தடவை காம்பாக்டிங்குக்கு அனுப்பினாலும் வண்டி வாடகைதான் மிச்சம். அரை நாள் ஆகும் இந்தச் சோதனையை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஏன் அவசரம் என்று பார்த்தால், கப்பல் தேதியைவிட வேறொன்று உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

அது இதுதான். ஒரு டீ-ஷர்ட்டின் உடல் நீளம் 72, கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் விடும் அலவன்ஸ் 10, மொத்தம் 104 சென்டிமீட்டர். மார்பு 54-உடன் அலவன்ஸ் 4, இரு பக்கமும் சேர்த்து 116. இந்த டீ-ஷர்ட்டுக்கு 160 ஜிஎஸ்எம்மில் 193 கிராம் துணி ஆகும், 150-ல் 181 கிராம்தான். வேஸ்டை விட்டுப் பார்த்தாலும் 600 கிலோவில் 200 பீஸ் கூடுதலாகக் கிடைக்கும். குறைந்த ஜிஎஸ்எம் துணியை வாங்கியவருக்கே அதில் ஒரு லாபம் தெரிவதால், "பரவாயில்லை, வெட்டுங்க" என்ற வார்த்தை லேசாக வாயில் வந்துவிடுகிறது. துவைத்த பின் சட்டை ஒரு சைஸ் சின்னதாகி நிற்கும்போது அந்த 200 பீஸ் எந்தக் கணக்கிலும் வராது. இந்த முடிவால் எனக்கு என்ன மிச்சம் என்பதையும் மூன்றாவது வரியில் எழுதிவிட்டால், எழுதும்போதே பல பேருக்குக் கை நின்றுவிடும்.

யாருமே எழுதாத நம்பிக்கைகளும் உண்டு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் உள்ளூரிலேயே கிடைக்கும் என்பதை அதற்கு முன் ஒரு அனுமானமாகக்கூட யாரும் நினைத்ததில்லை. எல்லா ஆர்டரிலும் டெலிவரி தேதி அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

எல்லா முடிவுக்கும் ஐந்து வரி எழுதினால் வேலை ஓடாது. எந்த லைனில் யாரை உட்கார வைப்பது, இன்றைக்கு ஒன்றரை ஷிஃப்ட் போடுவதா என்பதெல்லாம் நாளைக் காலையில் மாற்றிக்கொள்ளலாம். நின்றபடியே சொல்லிவிட்டுப் போகலாம். மாற்றமுடியாதவை சிலதான். கோவைப் பவுண்டரியில் அச்சில் இரும்பை ஊற்றுவது, கரூரில் சாய நூலைப் பாவில் ஏற்றுவது, இங்கே கட்டிங். விலை ஒத்துக்கொள்வதும் இந்தக் கூட்டம்தான். காலை எட்டரைக்கு வந்தவர் இரவு எட்டு மணிக்கு மேல் இப்படிப்பட்ட முடிவை எடுக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் மூளை சரியான விடையைத் தேடாது, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் விடையைத்தான் தேடும். ஷேடு, அதாவது நிறச் சாயல், பார்க்கும் வேலையும் அப்படியே. சாயங்காலம் ஜன்னலோரம் ஒத்துப்போன இரண்டு ரோல், நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் டிஎல்84 என்ற கடை விளக்கின் கீழ் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். வாங்குகிறவர் கடையில் என்ன விளக்கோ அதில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

பல்க் கட்டிங்குக்கு முன்னால் நடக்கும் பிபி (பிரீ-புரொடக்சன்) மீட்டிங்கில் கால் மணி நேரம் ஒதுக்கமுடிந்தால் உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன ஒரு முறையைச் செய்துபார்க்கலாம். "ஏதாவது பிரச்சினை வருமா?" என்று கேட்காமல், "இந்தச் சரக்கு ரிஜெக்ட் ஆயிருச்சு, என்ன ஆயிருக்கும்?" என்று கேட்பது. கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கா, பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் எல்லோரும் பேசாமல் முதலில் துண்டுச் சீட்டில் எழுதவேண்டும். இந்த வரிசை முக்கியம். கொங்குப் பக்கத்து மரியாதைக்கு ஓனர் வாயைத் திறந்துவிட்டால் அதற்கு மேல் "ஆமாங்க" தவிர வேறு சத்தம் வராது. சீட்டுகளை வாசிக்கும் வேலையையும் ஓனர் செய்யக்கூடாது. கிடைப்பதில் பாதி தெரிந்த சங்கதியாகத்தான் இருக்கும். மீதியில் ஒன்று, இந்த லைக்ரா துணியை இழுவை அடங்க 24 மணி நேரம் விரித்துப் போட இடமே இல்லை என்பதுபோல, எந்த ரிப்போர்ட்டிலும் வராததாக இருக்கும்.

திரும்பிப் பார்க்கும் நாளாகச் சனிக்கிழமையை வைக்கவேண்டாம். சம்பளம் போடும் நாள். திங்கள், யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்ப்பதிலேயே போய்விடும். செவ்வாய்க் காலை, மிஷின் ஓடுவதற்கு முன் இருபது நிமிஷம் போதும். அந்த வாரம் தேதி வந்த பதிவுகளை மட்டும் எடுத்து, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, வித்தியாசம் எங்கே என்று ஒரு வரி. எதிர்பார்த்தது நடந்தும் காரணம் வேறாக இருந்தால் அதையும் குறிக்கவேண்டும். தேறிய ஏழில் இருந்து கற்க இது ஒன்றுதான் வழி.

இங்கேதான் நிறைய நோட்டுகள் கெட்டுப்போகின்றன. ஏன் என்று கேட்கத் தொடங்கியதும் விடை ஒரு ஆளின் பெயரில் போய் நின்றுவிடும். டொயோட்டாவில் டையிச்சி ஓனோ பழக்கிய "ஐந்து முறை ஏன்" இங்கே பல இடங்களில் தெரிந்ததுதான். இரண்டாவது ஏனிலேயே "டெய்லர் கவனக்குறைவு" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். ஒரு தடை போட்டுக்கொள்ளுங்கள்: ஆள் பெயரும் "கவனக்குறைவு" என்ற சொல்லும் விடையாக வரக்கூடாது. துவைத்த பின் தையலோரம் ஊசி ஓட்டை விழுகிறது. ஏன்? ஊசி முனை தேய்ந்திருக்கிறது. ஏன் தேயும்வரை ஓடியது? ஊசி உடைந்தால்தான் மாற்றுகிறார்கள். ஏன்? புது ஊசி வாங்க உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் காட்டி ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். சட்டையில் உலோகத் துண்டு தங்கிவிடக்கூடாது என்பதற்கான நியாயமான விதி அது. ஆனால் ஊசி கேட்டுப் போவதே ஏதோ தப்பை ஒத்துக்கொள்வதுபோல் ஆகிவிட்டது; தேய்ந்த ஊசிக்காக யாரும் எழுந்து போவதில்லை. தீர்வு எளிது. உடைந்த ஊசிக்கு ரிஜிஸ்டர் அப்படியே இருக்கட்டும். தேய்ந்த ஊசியை யாரும் கேட்காமலே, குறிப்பிட்ட நேரத்தில் லைன் முழுக்க மெக்கானிக் மாற்றிக்கொண்டே போகட்டும், பழையதை எண்ணி வாங்கிக்கொள்ளட்டும். பின்னலாடைக்கு உருண்டை முனை ஊசிதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புதிதாக யோசிப்பது என்பது ஃப்ளோரில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஒரே குறை நோட்டில் மூன்றாவது தடவை தலைகாட்டும்போது. தடையாக நிற்பவை எல்லோருக்கும் முதலில் தோன்றும் இரண்டு யோசனைகள்: ஆளைக் கூட்டு, நேரத்தைக் கூட்டு. கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) வைக்கும் இடத்தில் மணிக்கு 70 பீஸ், மற்ற எல்லா இடத்திலும் 100 என்றால், இன்னொரு டெய்லர் அல்லது இன்னொரு அரை ஷிஃப்ட் என்றுதான் பேச்சு ஓடும். பத்து நிமிஷம் இந்த இரண்டையும் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டால் வேறு வழிகள் வெளியே வரும். ரிப்பை வளையமாக மூட்டுவதைச் சும்மா நிற்கும் ஓவர்லாக்குக்குத் தள்ளலாமா? நாலு பக்கமும் குறி வைப்பதைக் கைமடி (டெய்லருக்கு உதவியாள்) செய்யமுடியுமா? கட்டிங்கிலேயே ஓரத்தில் சின்ன வெட்டாக நாட்ச் போட்டுவிட்டால் குறியே தேவையில்லையே?

வேலையைப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்த மண்ணில் கோவை அருணாசலம் முருகானந்தத்தைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை. கோடிக்கணக்கில் விலை சொன்ன நாப்கின் மிஷினை அவர் சின்னதாகச் செய்ய முயலவில்லை. கூழ்க்கட்டையைப் பஞ்சாக்குவது, அச்சில் அமுக்குவது, உறையிட்டு ஒட்டுவது, புறஊதா ஒளியில் கிருமி நீக்குவது என்று நான்கு வேலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெண்களே ஓட்டக்கூடிய ஒரு எளிய கருவி செய்தார். 2016-ல் பத்மஸ்ரீ வந்தது. அதற்கு முன் ஊரே சிரித்த காலமும் உண்டு.

இருபது முப்பது பதிவு சேர்ந்ததும் நான்காவது வரி பேசத் தொடங்கும். பத்துக்கு ஒன்பது என்று எழுதியவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள். அவற்றில் பாதிதான் நடந்திருந்தால், உங்கள் ஒன்பதுக்கு மதிப்பு ஐந்து. இனி அந்த மாதிரி முடிவுக்கு மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இருக்கவேண்டும். "வியாழக்கிழமை துணி வந்துருமுங்க" என்ற வாக்கையும் வந்த தேதியையும் பட்டறைவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தால், யாருடைய வியாழன் வெள்ளி, யாருடையது அடுத்த செவ்வாய் என்று தெரிந்துவிடும். சண்டை போடவேண்டியதில்லை, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது அந்த நாட்களைக் கூட்டிக்கொண்டால் போதும். சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழுவதற்கு இது எவ்வளவோ மேல்.

நோட்டை மேலே காட்டவேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் மறுத்துவிடுவது நல்லது. வாரக் கூட்டத்தில் வாசிக்கப்படும் நோட்டில் அந்த வாரமே நம்பிக்கையெல்லாம் ஆறு, ஏழு என்று ஒரே சீராகிவிடும், "மற்ற வழிகள்" வரி காலியாகிவிடும். புதிதாக வந்த மெர்ச்சண்டைசருக்குக் காட்டலாம். கடைசி ஒப்பீட்டு வரியை மட்டும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, மேலே உள்ள ஐந்தையும் படிக்கச் சொல்லி, "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே தம்பி?" என்று கேட்டு, அவர் விடையையும் எண்ணோடு எழுதச் சொல்லி, பிறகு தாளை எடுக்கலாம். ஒரு உட்காரலுக்கு மூன்று பதிவு போதும். அதில் ஒன்று, முடிவு சரியாக இருந்தும் சரக்கு ரிஜெக்ட் ஆனதாக இருக்கட்டும். டெய்லர், பட்டறை, பையர் பெயர்களை முன்கூட்டியே அடித்துவிடுங்கள்.