குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு தினமும் மின்சார கார்ல: வாங்குனதுல இருந்து இன்னிக்கு வரைக்கும்

எங்க வீடு குன்னூர் ஓட்டுப்பட்டறை, எனக்கு வேலை ஊட்டியில. போக 19, வர 19, நாளைக்கு 38 கிலோமீட்டர். பதினோரு வருஷமா பழைய ஆல்ட்டோலதான் போயிட்டு இருந்தேன், மலை ரோட்டுல அது லிட்டருக்கு 12, 13 குடுத்தாலே பெரிய விஷயம், பெட்ரோல் நூறு ரூபா தாண்டுனதுக்கு அப்புறம் மாசம் ஏழாயிரத்து ஐநூறு ரூபா பங்க்லயே போயிடும். கிளட்ச் மூணாவது தடவை மாத்தணும்னு மெக்கானிக் சொன்ன அன்னிக்குதான் வீட்டுக்காரர்கிட்ட பேச்சை எடுத்தேன், இனிமே இதுக்கு செலவு பண்ண வேண்டாம், கரண்ட் கார் பாக்கலாம்னு.

அவரு தேயிலை ஃபேக்டரியில வேலை, மெஷின் பத்தி தெரிஞ்சவரு, ஆனா முதல்ல அவருதான் பயந்தாரு. "சமவெளியில ஓட்டறவங்க சொல்ற ரேஞ்ச், அதான் ஒரு சார்ஜ்ல போற தூரம், நமக்கு வராது"ன்னாரு. அது உண்மைதான். ஆனா எவ்வளவு குறையும்னு யாரும் கணக்கா சொல்லல. கோயம்புத்தூர் ஷோரூம்ல கேட்டா "தாராளமா போகும் மேடம்"ங்கறாங்க, ஊர்ல கேட்டா "மேட்டுல நின்னுடும்"ங்கறாங்க. கடைசியில எங்க பையனோட ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் புக்கை எடுத்து வெச்சு நாங்களே போட்டுப் பாத்தோம். ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரத்துக்கு ஏத்தறதுக்கு சரியா ஒரு யூனிட் கரண்ட் வேணும். குன்னூர் கிட்டத்தட்ட 1850 மீட்டர், ஊட்டி 2240. நடுவுல 400 மீட்டர்னு வெச்சுக்கங்க. காரும் ஆளும் சேர்ந்து 1300 கிலோன்னா ஏறறதுக்கு மட்டும் ஒன்றரை யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மி. மோட்டார்ல வீணாகறது, ரோட்டுல ஓடறதுக்கு ஆகறது எல்லாம் சேர்த்தா காலையில மூன்றரை யூனிட் வருது. சாயந்திரம் இறங்கும்போது காரே கொஞ்சத்தை பேட்டரிக்கு திருப்பிப் போட்டுக்கும், அதனால ஒரு யூனிட்தான். 24 யூனிட் பேட்டரியில ஒரு நாளைக்கு நாலரை, அஞ்சுதான் செலவு. இந்தக் கணக்கைப் பாத்ததுக்கு அப்புறம்தான் வீட்டுக்காரர் சரின்னாரு. இப்ப மீட்டர்ல பாக்கறதும் அதேதான், காலையில 15 சதவீதம் குறையுது, சாயந்திரம் 4, 5.

டாடா டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி மாடல்தான் எடுத்தோம். எம்ஜியோட குட்டி கரண்ட் கார் காமெட்டும் பாத்தோம், ஊருக்குள்ள பார்க்கிங்குக்கு ரொம்ப நல்லா இருக்கு, ஆனா அம்மாவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், பின்னாடி சீட்ல படுக்க வெச்சு பேக் எல்லாம் வெக்க டிக்கி வேணும், அதனால விட்டுட்டோம். டெஸ்ட் டிரைவ் விஷயத்துல மட்டும் நான் விடல. அவினாசி ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு கையெழுத்து போட முடியாது, வண்டியை மேல கொண்டு வாங்கன்னு ரெண்டு வாரம் கேட்டேன், கொண்டு வந்தாங்க. நாலு பேர் உக்காந்து எல்லநள்ளி ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பாத்தோம். பின்னாடி நகரவே இல்ல. ஆல்ட்டோல அந்த இடத்துல முதல் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக் பிடிச்சு, பின்னாடி வர்ற பஸ்ஸைப் பாத்து வேர்த்துக்கிட்டே எடுப்பேன். ஊட்டி உயரத்துல காத்து மெலிசா இருக்கறதால பெட்ரோல் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், மோட்டாருக்கு காத்தே தேவையில்ல, கீழ எப்படியோ மேலயும் அப்படியே.

பேப்பர் வேலை எல்லாம் சுலபம், லோன் பேங்க்ல ஒரு வாரம், நாங்க எடுத்தப்ப நம்ம ஸ்டேட்ல இவிக்கு ரோடு டாக்ஸ் இல்லைங்கறதால அங்க நல்ல தொகை மிச்சம். ஒண்ணு மட்டும் சொல்றேன், நீலகிரிக்காரங்க கோயம்புத்தூர்ல எடுத்தாலும் நம்பரை நம்ம மாவட்டத்து டிஎன் 43லயே வாங்கிடுங்க. 2024 மே மாசத்துல இருந்து வெளி வண்டி நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் இருக்கு, சொந்த வீட்டுக்கு வர்றப்பக் கூட செக்போஸ்ட்ல நின்னு விளக்கம் சொல்ற நிலைமை வேண்டாம். நாங்க டெம்பரரி நம்பர்ல எடுத்துட்டு வந்து ஊட்டி ஆர்டிஓவுலதான் ரெஜிஸ்டர் பண்ணோம். பச்சை பிளேட்டுல வெள்ளை எழுத்து.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. டெலிவரி எடுத்த நாள்.

ஆகஸ்ட் மாசம், மதியம் ரெண்டு மணிக்கு பூஜை போட்டு சாவி குடுத்தாங்க. மாலை போட்டு போட்டோ எல்லாம் எடுத்துட்டு உக்காந்து பாத்தா சார்ஜ் 58 சதவீதம். ஃபுல் பண்ணித்தான் குடுப்பாங்கன்னு நான் நினைச்சிருந்தேன், முன்னாடியே கேட்டிருக்கணும். மேட்டுப்பாளையத்துல சார்ஜர் இருக்கு, போட்டுக்கலாம்னு சொன்னாங்க. மேட்டுப்பாளையம் போகும்போது 43. சார்ஜரோட பிளக்கை கார்ல மாட்டினா ஸ்கிரீன்ல சுத்திக்கிட்டே இருக்கு, பணம் எடுத்துக்குது, சார்ஜ் ஆகல. நாப்பது நிமிஷம் நின்னு, கஸ்டமர் கேர்ல பேசி, மணி அஞ்சரை ஆயிடுச்சு, மழை வேற. வீட்டுக்காரர் "43 இருக்கு, 34 கிலோமீட்டர்தானே, போயிடலாம்"னாரு. அவரு கிலோமீட்டரைச் சொன்னாரு. 325 மீட்டர்ல இருந்து 1850 மீட்டருக்கு ஏறப் போறோம்ங்கறது அந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் மறந்துடுச்சு, கணக்கு போட்டவங்க நாங்களேதான்.

கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் ரெண்டு வளைவுக்கு ஒரு சதவீதம்னு குறையுது. நான் ஏசியை அணைச்சேன், கண்ணாடி மூடுபனி மாதிரி ஆயிடுச்சு, திரும்ப போட்டேன். பர்லியாறு வரும்போது 26. வீடு இன்னும் ஆயிரம் மீட்டர் மேல இருக்கு. கையில போன் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தா 24 சதவீதம் வேணும்னு வருது. ரெண்டு சதவீதத்தை நம்பி இருட்டுல, மழையில, காட்டேரி ஏத்தத்துல போக எனக்கு தைரியம் வரல. ஓரம் கட்டி நிறுத்திட்டோம்.

ஒரு டீக்கடையில பெரிய பிளக் இருந்துச்சு, அண்ணன் சங்கடப்படாம "போட்டுக்கங்க"ன்னாரு. கார்கூட குடுத்த சார்ஜரை மாட்டினேன், பெட்டியில சிவப்பு லைட் எரியுது. கழட்டி மாட்டினாலும் சிவப்பு. அந்த பிளக்ல எர்த், அதான் கசியற கரண்ட்டை மண்ணுக்குள்ள கொண்டு போற ஒயர், இல்ல. கரண்ட் இருக்கு, மிக்ஸி ஓடும், கிரைண்டர் ஓடும், ஆனா எர்த் இல்லாத பிளக்ல கார் சார்ஜ் எடுத்துக்காது. பக்கத்துல மங்குஸ்தான் வித்துட்டு இருந்த ஒரு அக்கா நாங்க முழிக்கறதைப் பாத்துட்டு, "நம்ம வீடு புதுசு கட்டுனதும்மா, மோட்டார் போடற பாயிண்ட் இருக்கு, வண்டியை இப்படி பின்னாடி எடுங்க"ன்னாங்க. அங்க மாட்டுன உடனே பச்சை. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஒன்றரை மணி நேரம் அவங்க திண்ணையில உக்காந்திருந்தோம், 26ல இருந்து 40 ஆச்சு. கரண்ட்டுக்கு காசு குடுத்தா வாங்கவே இல்ல, ரெண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கிட்டு கிளம்பினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்தப்ப 15 சதவீதம்.

வீட்ல வந்து மாட்டினா இங்கயும் சிவப்பு.

மலையில வீடு எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும். ரோடு மேல, வீடு 32 படி கீழ. கார் நிறுத்தறது ரோட்டோரம் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட வாடகைக்கு எடுத்த ஷெட். அதுவரைக்கும் ஒயர் இழுத்து 15 ஆம்ப் பிளக் வெச்சா போதும்னு முன்னாடியே வெச்சிருந்தோம். அடுத்த நாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரோட வந்தாரு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சுப் பாத்தா 41 வோல்ட் காட்டுது. "அக்கா, உங்க வீட்டுக்கு எர்த்தே இல்ல, பேருக்கு ஒரு பச்சை ஒயர் ஓடுது, அது எங்கயும் போய் முடியல"ன்னாரு. எங்க மாமனார் காலத்து வீடு. இத்தனை வருஷமா எர்த் இல்லாத கீஸர்லதான் குளிச்சிருக்கோம், புள்ளைங்களை குளிப்பாட்டியிருக்கோம். கார் வாங்கலைன்னா இது தெரிஞ்சே இருக்காது.

எர்த் குழி தோண்ட ரெண்டு நாள். ரெண்டடியில பாறை வந்துடுச்சு, இடம் மாத்தி தேயிலைச் செடி ஓரமா மண் இருக்கற பக்கம் ஆறடி தோண்டி, பைப் இறக்கி, சுத்தி அடுப்புக்கரி ஒரு அடுக்கு கல்லுப்பு ஒரு அடுக்குன்னு போட்டு, தண்ணி ஊத்தி மூடுனாங்க. ஒயரையும் மாத்தினோம். முதல்ல போட்டிருந்தது 2.5 ஸ்கொயர் ஒயர், அவ்வளவு தூரத்துக்கு மணிக்கணக்கா 15 ஆம்ப் இழுத்தா சூடாகும், சாயந்திரம் எங்க லைன்ல வோல்டேஜும் 190க்கு இறங்கும், அதனால 6 ஸ்கொயர் காப்பர் ஒயர், லோடு மீறுனா அணையற தனி எம்சிபி, ஷாக் அடிச்சா உடனே அணையற ஆர்சிசிபி. எல்லாம் முடிச்சு மீட்டர் வெச்சா 2 வோல்ட். சார்ஜர் பச்சை. செலவு 23 ஆயிரம் ஆச்சு, அதுல ஒரு ரூபா கூட வீண் இல்ல. ஈபியில லோடு ஏத்தவும் ஆன்லைன்ல எழுதிப் போட்டோம். அந்த ஒரு வாரமும் வீட்டுக்காரர் ஃபேக்டரி வாட்ச்மேன் ரூம் பக்கத்து பிளக்லதான் சார்ஜ் போட்டோம், மேனேஜர் சார் பெரிய மனசு பண்ணாரு.

இன்னொரு பாடம் ரெண்டாவது மாசம். காரமடையில சொந்தக்காரங்க கல்யாணம். பர்லியாறு பயம் மனசுல இருந்ததால ராத்திரி 100 வரைக்கும் ஏத்திட்டேன். காலையில இறங்க ஆரம்பிச்சா கார் பிடிக்கவே மாட்டேங்குது. இறங்கும்போது பேட்டரிக்கு கரண்ட்டைத் திருப்பற ரீஜெனை வழக்கமா மூணுல வெச்சா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால் எடுத்ததும் ரெண்டாவது கியர்ல இறங்கற மாதிரி இழுத்துப் பிடிக்கும். பேட்டரி நிறைஞ்சிருந்தா திரும்பி வர்ற கரண்ட்டை எங்க போடும்? அதனால அது வேலை செய்யல. மொத்த இறக்கமும் பிரேக்லயே, காட்டேரி தாண்டும்போது சக்கரத்துல கருகின வாடை. நிறுத்தி அரைமணி நேரம் ஆற விட்டுட்டுதான் போனோம். அதுக்கப்புறம் கீழ போற நாள்னா 80க்கு மேல ஏத்தறதே இல்ல. போன தடவை 78ல கிளம்பி மேட்டுப்பாளையத்துல 82 இருந்துச்சு. திரும்பி ஏறறதுக்கு 40 எடுத்துச்சு, அதுக்கு மேல 15 கையில இருக்கணும்னு வெச்சிருக்கேன். இந்த பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, அப்பப்ப 100 ஏத்துனாத்தான் மீட்டர் சதவீதத்தை சரியா காட்டும், அதை ஞாயித்துக்கிழமை ராத்திரி வெச்சுக்கிட்டேன், ஏன்னா திங்கக்கிழமை காலையில எனக்கு ஏத்தம்தான்.

கரண்ட் பில் கேக்கறவங்களுக்கு: ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட் வந்துட்டு இருந்தது இப்ப 490, 500கிட்ட வருது. ஆயிரத்து நானூறு ரூபா போல கூடுது. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் கீழ சலுகையில போட்ட யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும், அதனால கடைசி வாரம் மீட்டரை எழுதி வெச்சுக்கறேன். பெட்ரோலுக்கு ரெண்டு மாசத்துல பதினஞ்சாயிரம் குடுத்த வீடு இது.

நவம்பர் மழையில மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்ல, அப்ப 64 இருந்துச்சு, மூணு நாள் ஓட்டியிருப்பேன், கவலைப்படல. மழை சீசன்ல 60க்கு கீழ விடறதில்ல. ஜனவரி உறைபனி நாள்ல ரெண்டு மூணு சதவீதம் கூட போகுது, ஹீட்டர் போட்டா இன்னும் கொஞ்சம். இவ்வளவுதான்.

கோத்தகிரியில இருக்கற எங்க அக்கா இப்ப புக் பண்ணலாமான்னு கேக்கறாங்க. அவங்க வீடும் மாமா அப்பா காலத்துல கட்டுனது. புக்கிங் பணம் இப்ப கட்ட வேண்டாம்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணனையும் மல்டிமீட்டரையும் கூட்டிக்கிட்டு போறேன், முதல்ல அந்த கீஸர் பாயிண்ட்டைப் பாக்கணும்.