ஏழரை மணி நேரம் என்றால் 7.5

எங்கள் அணிக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: வேலை நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டில் ஏழரை மணி நேரத்தை 7.5 என்று எழுதுங்கள். தசமத்தில் கணக்கிடும் மென்பொருளுக்கு 7.30 என்பது 7 மணி 18 நிமிடம்தான். உழைத்த 12 நிமிடம் காணாமல் போகும். எனக்கு அது பொறுக்காது. முக்கால் மணி என்றால் 0.75.

இரவு ஷிப்ட்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வேலை என்றால், சில மென்பொருள்களில் முதல் தேதியில் 2, மறு தேதியில் 6 என்று பிரித்தே எழுத வேண்டும்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் மிகுதி நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது. அதைக் கேட்க நம் கையில் சான்று வேண்டாமா? வெள்ளிக்கிழமை வரை தள்ளிப்போடாமல் அன்றன்றே பதிந்துவிடுங்கள்.