அப்பா வாறாரு
எங்க பூதப்பாண்டி வீட்டு முன்னறையில பழைய ஸ்டுடியோ போட்டோ ஒண்ணு தொங்குது, பாட்டா நாற்காலியில இருக்காரு, ஆச்சி பக்கத்துல நிக்கா, ஆச்சி கை நாற்காலி முதுகுல பட்டும் படாம இருக்கும். நேத்து அத தொடச்சு மாட்டும்போது ரவிவர்மா 1893ல வரஞ்ச 'அதோ அப்பா வாறார்' படம் ஞாபகம் வந்துட்டு. அதுல மாடலா நிக்கது அவரு மகள் மகாபிரபா, இடுப்புல பிள்ள, கீழ ஒரு நாய், எல்லாம் இருக்கு, ஆனா அப்பாவ மட்டும் படத்துல காணாது!

நம்ம ஊரு அப்போ திருவிதாங்கூர், மருமக்கத்தாயம், அதாவது சொத்தும் வம்சமும் தாய் வழியில போற முறை நடந்த காலம், அந்த வீடுகள்ல காரணவரு, அதாவது குடும்பத் தலைவரு, தாய்மாமாதான். அந்த நேரத்துல ஒரு படம் முழுக்க அப்பா வரவ எதிர்பாத்து நிக்குன்னா அது சின்ன காரியமா? மாமல்லபுரத்துல சோமாஸ்கந்தர செதுக்கின பல்லவர் காலத்து சிற்பி சிவன், உமை, அம்மை மடியில பிள்ளன்னு மூணு பேரையும் ஒரே கல்லுல சேத்து வச்சிட்டான். ரவிவர்மா அப்பாவ படச் சட்டத்துக்கு வெளிய நிறுத்திட்டாரு. எனக்கு ரெண்டுமே உயிரு.

எங்க போட்டோவுல பாட்டா கேமராவ பாக்காரு. ஆச்சி பாக்கல, அவ பார்வை வேற எங்கயோ, அங்க யாரு நின்னாங்கன்னு அம்மாட்ட கேக்கணும்.