'ஒன்று' காணாமல் போகும் ஆல்பம்

மெட்டல் இசையில் கனமான ரிஃப் ஒன்று, அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு, ஆரம்பித்தால் தலை தானாக ஆடும், கவனித்துப் பார்த்தால் அந்த ஆட்டம் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் அந்த 'ஒன்று'. டிரம்மர் காலால் அடிக்கும் கிக் டிரம்மை மிதிப்பதும் பேஸ் கிட்டார் இறங்குவதும் கிட்டார் மொத்தமாக வந்து மோதுவதும் அங்கேதான். மெட்டலின் எடை முழுக்க அதில்தான் இருக்கிறது. பூயா என்ற குழுவின் 'ஃபண்டமெண்டல்' ஆல்பம் இத்தனை வருடமாக என்னைவிட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த ஒன்றை அது அடிக்கடி நம்மிடமிருந்து எடுத்துவிட்டு, அப்புறம் திருப்பிக் கொடுக்கிறது.

பூயா கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் இசைக்குழு. செர்ஹியோ குர்பெலோ பாட்டு, ரமோன் ஓர்ட்டிஸ் கிட்டார், ஹரோல்ட் ஹாப்கின்ஸ் பேஸ், எடுவார்டோ பானியாகுவா டிரம்ஸ். தீவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார்கள், 1999-ல் இந்த ஆல்பம் வந்தது. தயாரித்தவர் குஸ்தாவோ சாந்தாவோலாயா, பின்னாளில் திரைப்பட இசைக்காக இரண்டு ஆஸ்கார் வாங்கிய அதே அர்ஜென்டினாக்காரர்தான். அதற்கு முன்பே கஃபே தக்குபா, மோலோடோவ் மாதிரியான மெக்சிகோ குழுக்களோடு வேலை செய்தவர் என்பதால், லத்தீன் தாளத்தை ஓரமாக வைக்காமல் நடுவில் கொண்டுவந்து வைக்கத் தெரிந்திருக்கிறது.

லத்தீன் மெட்டல் என்றதும் பலர் நினைப்பது, வழக்கமான ரிஃப், அதன்மேல் யாரோ கோங்கா என்ற கைமேளத்தைத் தட்டுகிறார்கள் என்று. அப்படியும் நல்ல ஆல்பங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இங்கே நடப்பது வேறு. சால்சா என்ற லத்தீன் ஆட்ட இசை வரும்போது முழு சால்சாவாகவே வருகிறது, டிரம்பெட் டிராம்போன் எல்லாவற்றோடும். கிட்டார் அடங்கிப்போய் வழிவிடுகிறது.

அங்கே அந்த 'ஒன்று' எப்படிக் காணாமல் போகிறது என்று கேட்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 16 வரை சீராக எண்ணிக்கொண்டே 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் மேசையில் தட்டிப் பாருங்கள். இதுதான் கிளாவே, சால்சாவின் முதுகெலும்பு. முதல் பாதியில் மூன்று அடி, இரண்டாம் பாதியில் இரண்டு அடி, அந்த ஏற்றத்தாழ்வில்தான் ஆட்டமே பிறக்கிறது. இப்போது பேஸ். சால்சாவில் வழக்கமாக வரும் பேஸ் நடை 4, 7, 12, 15 ஆகிய இடங்களில் விழும். 15-ல் எழுந்த ஒலி அப்படியே நீண்டு அடுத்த 1-ஐத் தாண்டிப் போய்விடும், ஒன்றில் புதிதாக எதுவும் விழாது. கால் வைக்கிற இடத்தில் படி இல்லை, ஆனாலும் விழமாட்டோம், ஏனென்றால் அதற்கு ஒரு கணம் முன்பே பேஸ் நம்மைத் தூக்கிவிட்டது.

மெட்டலில் வளர்ந்த காதுக்கு இது முதலில் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, தலை எங்கே ஆட்டுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொங்கலில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கொம்பு வாத்தியங்கள் உச்சிக்கு ஏறும்போது ரிஃப் திடீரென்று அந்த ஒன்றில் வந்து இறங்கினால்... அவ்வளவு நேரம் இல்லாமல் இருந்ததாலேயே அந்த அடிக்கு இரண்டு மடங்கு கனம். வெறுமனே கிட்டாரின் கரகரப்பை, அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டி இந்தக் கனத்தை யாராலும் வாங்க முடியாது. ஹாப்கின்ஸும் பானியாகுவாவும் இரண்டு உலகத்துக்கும் நடுவில் தையலே தெரியாமல் போய்வருவதைக் கேட்கும்போது, இது பின்னால் ஒட்டவைத்த கலவையாகத் தெரியவில்லை, சின்ன வயதிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களின் கை என்றுதான் தோன்றுகிறது.

குர்பெலோ ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறார். ஸ்பானிஷில் அவர் சொற்களே தாளவாத்தியம் ஆகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ராப்பும் கத்தலுமாக வரும் சில இடங்கள் அந்தக் காலத்து பாணியோடு ரொம்பவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அது உண்மை.

1999-ல் அதே புவேர்ட்டோ ரிக்கோவின் பாப் பாடகர் ரிக்கி மார்ட்டின் உலகம் முழுக்க ஒலித்தார். பூயா அதே வருடம் ஓஸ்ஃபெஸ்ட் என்ற மெட்டல் இசைவிழாச் சுற்றுப்பயணத்தில் வாசித்தார்கள். ராப்பையும் மெட்டலையும் கலந்த நு மெட்டல் அலை உச்சத்தில் இருந்த நேரம், இவர்களையும் அதே பெட்டியில் போட்டுவிட்டார்கள், அலை வடிந்தபோது பெட்டியோடு சேர்த்து மறந்தும்விட்டார்கள். இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். 2001-ல் வந்த அடுத்த ஆல்பம் 'யூனியன்' இன்னும் இறுக்கமானது, நல்லதும்கூட. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது 'ஃபண்டமெண்டல்' ஆல்பத்துக்குத்தான்.

கேட்பதென்றால் 'ஒயாசிஸ்' பாட்டில் தொடங்குங்கள், பேஸ் தெளிவாகக் கேட்கும் ஹெட்ஃபோனில். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை கிட்டாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.